மர யானைக்கு 40 வெள்ளி ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில், யானையும் கன்றும் சேர்ந்த ஒரு மரப் பொம்மைக்கு 40 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்டதைச் சொல்லி, சந்தைகளில் விற்கப்படும் மரப் பொம்மைகளும் பெயர்ப் பலகைகளும் கையகல மரத்துக்குக் கொள்ளை விலையாக இருப்பதாக ஒரு வாசகர் தம் மனக்குறையை எழுதியிருந்தார். அவருடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு 40 வெள்ளி பெரிய பணம்தான். ஆயினும், சுங்கை சிப்புட்டில் எட்டு ஆண்டுகளாக வீட்டின் பின்தாழ்வாரத்தில், மரத்தை வளைவு வளைவாக வெட்டும் ஸ்க்ரோல் சா என்னும் அறுவை இயந்திரம் வைத்து இத்தகைய பொருள்களைச் செய்து விற்று வருபவன் என்ற முறையில், அந்த விலை எங்கிருந்து வருகிறது என்பதையும், பேரம் பேசிக் குறைக்கும்போது பொம்மையிலிருந்து எது கழிகிறது என்பதையும் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தோட்டங்களில் மறுநடவுக்காக ரப்பர் மரங்களைச் சாய்க்கிறார்களே, மரத்துக்கு என்ன பஞ்சம் என்று அவர் கேட்டிருந்தார். என் பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். 25, 30 வயதாகிப் பால் வற்றிய மரங்களை நிரை நிரையாகச் சாய்ப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் மாவட்டத்தில், கோலகங்சாரில், 1877ஆம் ஆண்டில் நட்ட கன்றுகளில் ஒன்று என்று காட்டப்படும் முதிய மரம் இன்றும் நிற்கிறது. இருந்தும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் ரப்பர் மரத்தை விறகாகத்தான் அறிந்திருந்தோம். அதற்குக் காரணம் உண்டு. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். சாய்த்த சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைத்துவிடும். உடனே அறுத்து, மருந்தூட்டி, உலர் அறையில் வைத்துக் காயவைத்தால் மட்டுமே அது நாற்காலிக்கும் மேசைக்கும் ஆகும் உறுதியான, வெளிர் நிற மரமாகிறது. ஆகவே தோட்டத்தில் விழுந்து கிடக்கும் கட்டையை எடுத்து வந்து பொம்மை செய்ய இயலாது. தளவாடத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் உலர்ந்த துண்டுகளைத்தான் மூட்டையாக விலை கொடுத்து வாங்குகிறோம். அந்த மூட்டையிலும் முடிச்சு விழுந்தது, வெடித்தது என்று ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டியிருக்கிறது.

இங்கே, புதிதாக இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சரக்கு இறக்கிய மரத்தட்டுகளைக் காசில்லாமல் வாங்கி வந்து அறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தட்டில் சுட்டிருக்கும் முத்திரையை முதலில் படியுங்கள். ‘எச்டி’ (HT) என்றிருந்தால் அது சூட்டில் பதப்படுத்திய மரம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகை ஏற்றியது. பின்னதைக் குழந்தையின் கைக்குப் போகும் எந்தப் பொருளுக்கும் தொடாதீர்கள். முத்திரை இல்லாதவற்றையும், எண்ணெயோ வேறு எதுவோ சிந்திக் கறை பிடித்தவற்றையும் ஒதுக்கிவிடுவதே என் வழக்கம்.

இனி வேலைக்கு வருகிறேன். ஸ்க்ரோல் சா பார்வைக்குத் தையல் இயந்திரத்தைப் போலிருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு ஒன்று இரு முனைகளிலும் இறுக்கிக் கட்டப்பட்டு, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை மேலும் கீழுமாக ஓடும். பிளேடு நின்ற இடத்திலேயே நிற்கும். தைப்பவர் துணியைத் திருப்புவது போல மரத்தைத்தான் நாம் திருப்ப வேண்டும். சற்று அவசரப்பட்டுத் தள்ளினால் பிளேடு வளைந்து, மேலே நேராகத் தெரியும் வெட்டு அடியில் சாய்ந்திருக்கும். துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சேர்க்கும் இணைப்புப் பொம்மையை அப்படி வெட்டினால், அதில் ஒரு துண்டை மேலே தூக்கினால் பக்கத்துத் துண்டும் சேர்ந்தே வரும். ரப்பர் மரம் கெட்டியானது என்பதால் அரை மணி நேரத்தில் பிளேடு மழுங்கி, விளிம்பில் மரம் கருகத் தொடங்குகிறது. மரத்தில் ஒட்டிய, வடிவம் வரைந்த மாதிரித் தாளின் மேல் ஒட்டு நாடாவை ஒட்டி வெட்டினால் கருகல் ஓரளவு குறையும். பிளேடு மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

நான் அதிகம் செய்வது தமிழ் எழுத்துகள். ‘ட’, ‘ப’ போன்றவற்றை வெளிக்கோட்டோடு வெட்டி முடித்துவிடலாம். ‘அ’, ‘இ’ போன்ற சுழியுள்ள எழுத்துகளில், ஒவ்வொரு சுழியின் நடுவிலும் துளையிட்டு, பிளேட்டின் மேல் முனையைக் கழற்றி, துளை வழியே கோத்து, மறுபடி இறுக்கி, உள்பகுதியை வெட்டியெடுத்து, மீண்டும் கழற்ற வேண்டும். மூன்று சுழி ‘ண’ ஒன்றுக்கு ஆகும் நேரத்தில் ‘ட’ நான்கு வெட்டலாம். எல்லாவற்றையும்விட என்னைச் சிந்திக்க வைத்தது புள்ளி. ‘செல்வம்’ என்று பெயர்ப் பலகை வெட்டினால் இரண்டு புள்ளிகள் தனித்தனி மணிகளாக உதிர்ந்துவிடும். பெரியவர்கள் வீட்டுச் சுவருக்கென்றால் அவற்றைப் பின்பலகையில் ஒட்டலாம். குழந்தைகளின் எழுத்துப் பெட்டிக்கு அது ஆகாது. ஒட்டியது என்றாவது பெயரும், பெயர்ந்தது வாய்க்குப் போகும். ஓராண்டு காலம் பலவாறு முயன்று பார்த்து, எழுத்தைச் சற்று உயரமான கட்டையில் வெட்டி, புள்ளியை அதன் தலையில் ஒரு துளையாகவே இடுவதென்று முடிவு செய்தேன். இன்று பிள்ளைகள் அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்த்துத்தான் ‘க்’ எது, ‘க’ எது என்று சொல்கிறார்கள்.

வெட்டிய பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. 120, 180, 240 என மூன்று தர மணல்தாள்களால், உட்சுழிகள் உட்பட ஒவ்வொரு விளிம்பையும் கையால் தேய்க்க வேண்டும். வாங்குபவர் கண்ணுக்கு இந்த வேலை தெரியாது. விலையைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டு விழுவதும் இதில்தான். இதை நான் பிறர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நானே செய்த தவறு ஒன்றை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்காக 150 சாவிக்கொத்துப் பலகைகள் கேட்டார்கள். ஒன்று 7 வெள்ளி என்று பேசி, மரமும் வெட்டி முடித்துவிட்ட நிலையில், விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இணையத்தில் 4 வெள்ளிக்குக் கிடைக்கிறது, அதே விலைக்குக் கொடுங்கள் என்றார்கள். பெயர் பொறித்து வெட்டியதை வேறு யாருக்கு விற்க முடியும்? ஒப்புக்கொண்டேன். நட்டத்தைச் சரிக்கட்டக் கடைசித் தேய்ப்பை விட்டுவிட்டேன். விழா முடிந்த மறுநாள், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் விரலில் சிலாம்பு ஏறியதாகச் செய்தி வந்தது. நானே பள்ளிக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, திரும்பப் பெற முடிந்தவற்றை வாங்கி வந்து, இரண்டு இரவு விழித்துத் தேய்த்துக் கொடுத்தேன். அந்தக் குழந்தை கட்டுப் போட்ட விரலை நீட்டிக் காட்டியது இன்றும் என் மனத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து பேரத்துக்கு இணங்கி விலையைக் குறைத்து ஒரு பொருளும் விற்பதில்லை, கட்டுப்படியாகாவிட்டால் மறுத்துவிடுகிறேன்.

மணல்தாள் வேலையில் இன்னொன்றும் உண்டு. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முகக்கவசமும் தூள் உறிஞ்சியும் இல்லாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேய்ப்பவர் தம் நுரையீரலை விலையாகக் கொடுத்து மலிவாக விற்கிறார் என்றே நான் சொல்வேன்.

அந்த வாசகர் குறிப்பிட்ட யானையும் கன்றும் சேர்ந்த இணைப்புப் பொம்மையின் கணக்கை உள்ளபடியே தருகிறேன். மரம், பிளேடு, மணல்தாள், சாயம், மெழுகு எல்லாமாக 11 வெள்ளி. வரைந்து, வெட்டி, தேய்த்து, இரண்டு தடவை சாயம் பூச எனக்கு ஆகும் நேரம் இரண்டே முக்கால் மணி. மாதம் 1,700 வெள்ளி என்னும் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்காக்கினால் 8 வெள்ளிக்குச் சற்று மேலே வரும். அதை 8 என்றே வைத்தாலும் கூலி 22 வெள்ளி. சந்தைக் கடை வாடகையில் ஒரு பங்கு, மின்சாரம், பை ஆகியவற்றுக்கு 4 வெள்ளி. ஆக 37 ஆகிறது. மீதமுள்ள 3 வெள்ளியில்தான் உடைந்தவையும் கழித்தவையும் பார்த்துக்கொள்ளப்பட வேண்டும்.

இதற்கு மேல் சட்டத்தின் எதிர்பார்ப்பும் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புத் தரத்துக்கென 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் நம் நாட்டில் உள்ளன. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான பொருளில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கிவிடும் சிறு துண்டு இருக்கக்கூடாது என்பது அனைத்துலகத் தரம்; தொண்டையில் சிக்கும் அபாயத்தை வைத்து வகுத்த அளவு அது. அந்த அளவில் ஓர் உருளையைக் கடைந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கிப் பாடியவர்கள் நாம். நான் செய்யும் சிறுதேரின் சக்கரம் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது, கழன்றாலும் அந்த உருளைக்குள் போகக்கூடாது என்பதற்காகத்தான். ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஆகும் செலவைத் தனியொருவர் தாங்குவது கடினம். ஆகையால் சிறு குழந்தைகளுக்கான பொம்மைகளை நான் சொந்தக்காரர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் செய்து கொடுத்துவிட்டு, பெயர்ப் பலகை, குத்துவிளக்கு வடிவச் சுவர் அலங்காரம், சாவி மாட்டி போன்ற அன்பளிப்புப் பொருள்களையும், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானவற்றையுமே சந்தையில் வைக்கிறேன்.

எனவே வாசகர்களிடமும், கோயில் நிருவாகத்தினரிடமும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரிடமும் நான் வேண்டுவது இதுதான்: விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சிறிய பொருளைக் கேளுங்கள், எளிய வடிவத்தைக் கேளுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்; அதே பொருளைக் குறைந்த விலைக்குக் கேட்காதீர்கள். விழாவுக்கு இரண்டு மாதம் முன்னதாகச் சொன்னால், மெல்லிய பலகைகளை நான்கு நான்காக அடுக்கி ஒரே வெட்டில் எடுத்து, நாங்களே விலையைக் குறைத்துத் தர முடியும். பெயர்ப் பட்டியலை எழுத்துப் பிழை பார்த்து, முன்பணத்தோடு கொடுத்துவிடுங்கள். மரத்தில் வெட்டிய பிறகு ‘ல’வை ‘ள’ ஆக்க வழியில்லை.

இப்படிக்கு,
மரவேலைப் பட்டறை நடத்தும் வாசகர்,
சுங்கை சிப்புட், பேரா.