ஆழம் வேறு, வயது வேறு: சிந்துவெளிக் கண்காட்சி அமைப்போருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மொகஞ்சதாரோப் பொருள்களுக்குக் குறிப்பு எழுதும்போது, ‘இத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது, ஆகவே மிகப் பழையது’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த அடிக்கணக்கு மட்டும் வயதைச் சொல்லிவிடாது.

1927 முதல் 1931 வரை அங்கே தோண்டிய எர்னஸ்ட் மக்கே, ஒரு நிலைமட்டத்தை (எல்லா உயரங்களையும் அளக்க முடிவுசெய்துகொண்ட ஒரே மாறாத மட்டத்தை) வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒவ்வொரு பொருளும் எத்தனை அடி கீழே என்று பதிந்தார். அளவில் குறையில்லை. ஆனால் நகரம் புதைந்திருந்த மேடோ சரிவானது. ஒரு வீட்டை இடித்து உயர்த்திக் கட்டியிருப்பார்கள், பக்கத்து வீடு பழைய தரையிலேயே நின்றிருக்கும். குப்பைக்குழி ஒன்று தோண்டினால் போதும், நேற்றைய ஓடு பல தலைமுறைத் தரைகளைத் தாண்டிக் கீழே போய்விடும். ஆகவே 15 அடியில் கிடைத்த முத்திரையும் அதே 15 அடியில் கிடைத்த பானையும் ஒரே காலத்தவை என்று சொல்ல, மண்ணடுக்கின் சாட்சி வேண்டும். அடுக்கடுக்காகப் பிரித்துத் தோண்டாததால் அது கிடைக்காமல் போயிற்று.

அங்குள்ள கிணறுகளைப் பாருங்கள். தெரு உயர உயர, ஆப்பு வடிவச் செங்கல் வைத்துக் கிணற்றின் வாயையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். சுற்றியிருந்த மண்ணை அகழ்ந்து எடுத்ததும் கிணறு இப்போது புகைபோக்கி மாதிரி தனியே நிற்கிறது. அதன் அடியில் கிடக்கும் குடம் எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிறது. வயதிலோ கடைசிக் காலத்ததாக இருக்கலாம்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநராக வந்த மார்டிமர் வீலர், ஆழத்தை மட்டும் வைத்துக் கணிக்கும் இந்த முறையைக் கடுமையாகச் சாடினார். வேடிக்கை என்னவென்றால், அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளை ஒரே படையெடுப்பின் பலிகளாகக் கண்டவரும் அவரே. சுமார் 37 பேர். எல்லாரும் ஒரே நாளில் மாண்டவர்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று 1964-இல் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் காட்டினார். நம் பாடநூல்களில் அந்தப் படுகொலை இன்னும் எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

குறிப்பில் முதலில் வர வேண்டியது பகுதி, வீடு, அறை. ‘டி.கே.’, ‘எச்.ஆர்.’ என்பவை தோண்டிய தீட்சித், ஹார்கிரீவ்ஸ் ஆகியோரின் பெயரால் வந்த பகுதிக் குறிகள். ‘பூசாரி அரசன்’ சிலையின் எண் டி.கே. 1909. அது பதிவெண், ஆண்டல்ல. அகழ்வு தொடங்கியதே 1922-இல்தான். ஆழத்தைக் கடைசியில் போடுங்கள். அடியை மீட்டராக்கினால், அது நிலைமட்டத்திலிருந்து எடுத்த அளவு, மேட்டின் மேற்பரப்பிலிருந்து அல்ல என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.