தொடக்கப் பள்ளியில் பிரெஞ்சு: எழுத்துக்கு முன்னே காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு கற்பிப்பது தேவைதானா என்பது பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாக வந்துகொண்டிருக்கும் கடிதங்களை விடாமல் படித்துவருகிறேன். சிறு வயதில் எந்த மொழியும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு சாராரும், தாய்மொழியையே இன்னும் பிழையறப் படிக்காத பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவானேன் என்று மறு சாராரும் எழுதுகிறார்கள். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பறைக்குள் அந்த மொழி எந்த வழியாகப் பிள்ளைக்குள் நுழைகிறது என்பதைக் கேட்காமலே இரு தரப்பாரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அது காது வழியாகவே நுழைய வேண்டும் என்பதும், பிள்ளை ஏறிவர அதற்கு ஏணியாக ஆங்கிலத்தைப் போடாமல் தமிழையே போட வேண்டும் என்பதும் என் கட்சி.

தானாக ஒட்டிக்கொள்ளும் என்பவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1960-களில் எட்டு வயதிலேயே பிரெஞ்சு தொடங்கும் சோதனைத் திட்டம் ஒன்று பெரிய அளவில் நடத்தப்பட்டது. பத்து ஆண்டுகள் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 1974-இல் வெளியான மதிப்பீட்டு அறிக்கை, பதினாறு வயதை எட்டும்போது எட்டில் தொடங்கியவர்களுக்கும் பதினொன்றில் தொடங்கியவர்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்று கூறிவிட்டது. அத்தோடு அந்த முயற்சி அங்கே சோர்ந்துபோனது. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வேற்றுமொழி ஒன்று கட்டாயம் என்ற நிலை இங்கிலாந்தில் 2014-இல்தான் வந்தது. ஆனால் அதே அறிக்கையில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விதிவிலக்கு உண்டு. முன்கூட்டித் தொடங்கியவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனில் மட்டும் கடைசிவரை முன்னணியில் இருந்தார்கள். இளம் வயது தருகிற வரம் காதுக்குத்தான் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. கனடாவில் மொண்ட்ரியால் நகரை ஒட்டிய சேன் லாம்பேர் என்னும் ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் முனைந்து நின்று, 1965-இல் தங்கள் குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பையே முழுக்கப் பிரெஞ்சில் நடத்தச் செய்தார்கள். முதல் வகுப்பும் அப்படியே நடந்தது. ஆங்கிலப் பாடம் இரண்டாம் வகுப்பில்தான் எட்டிப்பார்த்தது. அந்தக் குழந்தைகளின் ஆங்கிலம் சிறிது பின்தங்கிப் பிறகு சமநிலைக்கு வந்துவிட்டதை மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சுமை என்று அஞ்சுகிறவர்கள் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம். என்றாலும், நம் பள்ளிகள் இந்த வெற்றியைத் தங்கள் கையேட்டில் போட்டுக்கொள்ளும் முன் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். வாரத்துக்கு 40 நிமிடத்தில் இரண்டு பாடவேளை, ஆண்டுக்கு 36 வாரம் என்றால் 48 மணி நேரம் ஆகிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம் பிரெஞ்சிலேயே மூழ்கியிருந்த குழந்தை அந்த 48 மணி நேரத்தைப் பத்தே நாளில் கடந்திருக்கும். கையில் இருப்பது இவ்வளவு குறைந்த நேரம் என்னும்போது அதை எதில் செலவிடுகிறோம் என்பதுதான் கேள்வி; பெரும்பாலான வகுப்புகளில் அது கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் கரைந்துபோகிறது.

எழுத்து முந்திக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சொல்கிறேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் நோட்டில், நான் எழுதிப்போட்ட ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லுக்குக் கீழேயும் அவள் அம்மா பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தார். அக்கறையுள்ள தாய், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் ‘புவாஸோன்’ என்று இருந்தது. ஒன்று மீன், ஒன்று பானம், ஒன்று நஞ்சு. பிரெஞ்சில் மீனுக்கும் பானத்துக்கும் இடையே தொடக்க ஒலி வலிந்தும் மெலிந்தும் வேறுபடும். மீனுக்கும் நஞ்சுக்கும் இடையே நடுவிலுள்ள ‘ஸ்’ ஒலி வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர்ந்து வேறுபடும். நம் எழுத்தில் ஒரே ‘பு’, ஒரே ‘ஸோ’. மறுநாள் மீன் படத்தைக் காட்டிக் கேட்டபோது அந்தக் குழந்தை தெளிவான குரலில் நஞ்சு என்று சொன்னாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லா நோட்டிலும் அதே நிலைதான். (இந்தக் கடிதத்தில் நானும் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். பெரியவர்களுக்கு எழுதுவதால் பொறுத்துக்கொள்ளலாம்.)

எழுத்துக்கூட்டும் முறையின் விசித்திரம் தனிக்கதை. பறவையைக் குறிக்கும் ‘வாஸோ’ என்ற சொல்லில் ஆறு எழுத்துகள். ஆங்கில அரிச்சுவடியில் நாம் உயிரெழுத்து என்று படித்த ஐந்தும், நடுவில் ஒரு ‘எஸ்’ஸும். அவற்றில் ஓர் எழுத்துகூடத் தன் சொந்த ஓசையைத் தருவதில்லை. அந்தச் சொல்லை ஓராண்டு முழுக்க வாயால் சொல்லி, ஜன்னல் வழியே கை நீட்டிக் காட்டிப் பழகிய குழந்தைக்கு மூன்றாம் ஆண்டில் இந்த எழுத்துகளைக் காட்டினால் விடுகதையைக் கேட்டதுபோல் சிரிக்கும். முதல் நாளே எழுத்தில் சந்தித்த குழந்தை அதே சொல்லைப் பார்த்து மிரளும்.

இனி ஏணிக்கு வருகிறேன். பிரெஞ்சுப் பாடநூல்களும் பயிற்சி ஏடுகளும் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வதால், தமிழ்க் குழந்தை ஓர் ஆற்றைக் கடக்க இரண்டு ஆறுகளில் இறங்க வேண்டியிருக்கிறது. தமிழிலிருந்து நேரே போனால் வழி எவ்வளவு குறுகியது என்பதற்கு மூக்கொலியே சாட்சி. பிரெஞ்சு கற்கும் பலரும் அஞ்சி நடுங்கும் ஒலிகள் அவை. நாமோ அவற்றைப் பொழுதெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘மரம்’ என்று எழுதுகிறோம். பேச்சில் கடைசி ‘ம்’முக்கு இதழை மூடுகிறோமா? இல்லை, ‘மரோ’ என்று மூக்கில் விட்டுவிடுகிறோம். அந்த இறுதி ஒலிதான் ‘நல்ல’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான ‘போன்’ என்பதில் வருவது. ‘வந்தான்’ என்பதைப் பேச்சு வழக்கில் முடிக்கும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடாமல் நிற்கிறதே, அது குழந்தையைக் குறிக்கும் ‘ஆன்ஃபான்’ என்ற சொல்லில் இரு முறை வருகிறது. ‘அவன்’ என்பதை வீட்டில் சொல்வதுபோல் சொன்னால் ரொட்டிக்கான சொல்லின் ஒலிக்குப் பக்கத்தில் போய்விடலாம். வகுப்பில் இதை நான் இலக்கணமாகச் சொன்னதே கிடையாது. “வீட்டுல பேசுற மாதிரி ‘மரம்’ சொல்லு, கடைசியில அப்படியே நில்லு” என்பேன், அவ்வளவுதான். நம்மிடம் இல்லாத ஒலி என்று பார்த்தால் ‘தூ’ என்னும் சொல்லில் வரும் உயிரொலி ஒன்று. ‘ஈ’ என்று நீட்டிக்கொண்டே நாக்கை அசைக்காமல் இதழை மட்டும் ‘ஊ’ போலக் குவித்தால் அதுவும் வந்துவிடும். குழந்தைகள் இதைக் கண்ணாடி முன் விளையாட்டாகச் செய்வார்கள்.

அந்தத் ‘தூ’ என்றால் நீ. ‘வூ’ என்றால் நீங்கள். ஒருவரையே பன்மையில் விளித்து மரியாதை காட்டும் வழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. ஆங்கிலத்துக்கு இப்போது அந்த வேறுபாடு கிடையாது. ஆகவே ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு நேராக இரண்டையும் எழுதிக் கற்ற குழந்தைகள், தமிழில் “நீங்க சொல்லுங்க மிஸ்” என்றும், அடுத்த மூச்சில் பிரெஞ்சில் “நீ சொல்” என்றும் என்னிடம் பேசுவார்கள். தமிழ் வழியாக ஒரே ஒரு வரியில் சொன்னால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. வயதைச் சொல்வதும் அப்படியே. “எனக்கு ஏழு வயது” என்னும் குழந்தைக்கு, பிரெஞ்சுக்காரர் ஏழு ஆண்டுகளை உடையவராகத் தம்மைச் சொல்வது வியப்பாக இராது. ஆங்கிலத்தில் யோசித்தால்தான் ‘நான் ஏழாக இருக்கிறேன்’ என்ற பிழை வந்து சேரும்.

கிழமைகளில் இந்த உறவு இன்னும் அழகு. லன்தி நிலவின் பெயரால் அமைந்தது, நமக்குத் திங்கள். மார்தி செவ்வாய்க் கோள், மெர்க்ருதி புதன், ஜெதி வியாழன், வான்த்ருதி வெள்ளி. ஐந்து நாளும் கோளுக்குக் கோள் பொருந்துகின்றன. சனியும் ஞாயிறும்தான் சமயப் பெயர்களை ஏற்றுக்கொண்டு விலகிவிட்டன. சொற்கள் சேரும்போது நடப்பதும் நமக்குப் பழகியதுதான். மணியும் அழகும் சேரும்போது இடையே ‘ய்’ தோன்றுவதுபோல், ‘அவனிடம் இருக்கிறதா’ என்று கேட்கும்போது இரண்டு உயிர்களுக்கு நடுவே அவர்களுக்கு ஒரு ‘த்’ தோன்றும். நண்பன் என்ற சொல்லான ‘அமி’க்கு முன்னால், ஆங்கிலத்தின் ‘தி’ போல வரும் ‘லு’ தன் உயிரை இழந்து ‘லமி’ ஆகும். நாடு என்பது உயிர் வந்தால் உகரத்தை விட்டுவிடுவது போலத்தான்.

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவும் என்று நான் சொல்லவில்லை. மேசையும் நாற்காலியும் பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதை உயர்திணையும் அஃறிணையும் கண்ட குழந்தையிடம் எந்த நியாயம் சொல்லி விளக்குவது? விளக்கக் கூடாது. பெயர்ச்சொல்லைத் தனியே கற்பிக்காமல், முன்னால் வரும் ஆண்பால் ‘லு’ அல்லது பெண்பால் ‘லா’ என்பதோடு ஒட்டி ஒரே சொல்லாக ‘லா தாப்ல்’, ‘லு லீவ்ர்’ என்று பாடிப் பழக்க வேண்டும். தொண்ணூற்றேழை நான்கு இருபது, பத்து, ஏழு என்று சொல்லும் எண்முறையையும் அப்படியே விளையாட்டாக விட்டுவிடலாம். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தொண்ணூறுக்கு நேரான தனிச்சொல்லே வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பெரிய வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் செய்ய விடாமல் தடுப்பது எழுத்துத் தேர்வு. ‘என் பெயர் இன்னது’ என்ற வாக்கியத்தை மேற்குறியும் இரட்டை எழுத்தும் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்ற ஒரு பையனிடம், தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது அவன் பெயரைப் பிரெஞ்சில் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “ஸ்பெல்லிங் சொல்லணுமா மிஸ்?” என்றான். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. தொடக்கப் பள்ளி வயதினருக்கான தெல்ஃப் பிரீம் என்னும் பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வில்கூடக் கேட்டலும் பேசுதலும் தனித்தனிப் பகுதிகளாக உள்ளன. பள்ளிகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எழுத்துத் தேர்வை விலக்கிவிட்டு, வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்பதை நாளுக்குப் பதினாறு நிமிடமாகப் பிரித்துக்கொள்ளட்டும். மொத்த நேரம் கூடப்போவதில்லை. ‘ஜாக் சொன்னார்’ என்ற முன்னுரையோடு வந்தால் மட்டுமே கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் பிரெஞ்சுச் சிறுவர் விளையாட்டு ஒன்றே எழு, உட்கார், கதவைத் திற, மூடு என்று முப்பது வினைச்சொற்களை ஒரு மாதத்தில் காதில் ஏற்றிவிடும்.

கடைசியாக, ஆறாம் வகுப்பில் நடக்கும் கொடுமை. நான் பணியாற்றிய பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிவது. ஓராண்டு, விடைபெற்றுச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அவன் எதைக் கேட்டால் புரிந்துகொள்வான், எதைத் தயங்காமல் பேசுவான் என்று ஒரு பக்கம் எழுதி, அவர்களில் பலர் சேரவிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். புதிய வகுப்பில் முதன்முறையாகத் தொடங்குகிறவர்களையும் ஐந்தாண்டு பயின்றவர்களையும் ஒன்றாக உட்காரவைத்திருக்கிறார்களாம். “என்ன பாடம் நடக்கிறது?” என்று கேட்டேன். “போன்ஜூர், மிஸ்” என்றாள். எனக்கு வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து நானும் பதிலுக்கு போன்ஜூர் சொன்னேன். “இல்ல மிஸ், அதுதான் பாடம்” என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருவர்