அட்டையில் ரொக்கம் எடுக்கும் முன்

சுங்கை சிப்புட்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் மகளுக்கு நல்ல வரன் அமைந்து, தை மாதத்தில் திருமணம் என்று எழுதியிருந்ததைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அதே கடிதத்தின் முடிவில், மண்டபத்துக்கு முன்பணம் கட்ட 3,000 ரிங்கிட் குறைவதால் கடன் அட்டையை ஏடிஎம்மில் போட்டு ரொக்கமாக எடுத்துவிடப் போவதாக ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது.

கடையில் அட்டையைத் தேய்த்துப் பொருள் வாங்குவதும், அதே அட்டையால் ரொக்கம் எடுப்பதும் ஒரே கடன் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அட்டை ஒன்றுதான்; கடன் இரண்டு. பொருள் வாங்கினால், முந்தைய பாக்கி ஏதுமின்றி, கணக்கறிக்கை வந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுபவனுக்கு ஒரு சென் கூட வட்டி கிடையாது. ரொக்கத்துக்கு அந்தத் தவணை நாள்களே இல்லை. பணம் இயந்திரத்திலிருந்து வெளியே வந்த அன்றே வட்டி ஓடத் தொடங்கி, கடைசி சென் கட்டி முடியும் நாள் வரைக்கும் ஓடும். அதற்கு முன்பாகவே, எடுத்த தொகையில் 5 விழுக்காட்டைச் சேவைக் கட்டணமாக வங்கி கணக்கில் ஏற்றிவிடும். நம் மலேசிய வங்கிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். சிறு தொகையாக எடுத்தாலும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு.

உன் 3,000 ரிங்கிட்டை வைத்தே கணக்குப் பார். கட்டணம் 150 ரிங்கிட். வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 ரிங்கிட் 48 சென். முப்பது நாளில் திருப்பிக் கட்டினாலும் வட்டி 44 ரிங்கிட்டைத் தாண்டும். கட்டணத்தையும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு 194 ரிங்கிட். ஒரு வாரத்திலேயே கட்டிவிட்டாலும் அந்த 150 ரிங்கிட் திரும்பி வராது. பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டி வந்த நல்ல வாடிக்கையாளருக்குப் பொருள் வாங்கிய பாக்கியின் மீதான வட்டியை 15 விழுக்காடாகக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. ரொக்கத்துக்கு அந்தச் சலுகையும் பொதுவாகக் கிடைப்பதில்லை.

ஏன் இப்படி என்று கேட்பாய். நீ கடையில் அட்டையைக் கொடுக்கும்போது கடைக்காரர் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கை வங்கிக்குக் கொடுக்கிறார். ரொக்கம் எடுக்கும்போது நடுவில் கடைக்காரர் இல்லை. ஆகவே அந்த வருமானமும் இன்னும் கூடுதலும் உன்னிடமிருந்தே வசூலாகிறது. அதோடு, அட்டையைக் கொண்டு கைச்செலவுக்குப் பணம் எடுப்பவர் நெருக்கடியில் இருக்கிறார் என்றே வங்கிகள் கணிக்கின்றன. ஆபத்து அதிகம் என்று கருதும் கடனுக்கு விலையும் அதிகம் வைக்கின்றன.

இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது குறைந்தபட்சத் தொகை என்று அறிக்கையில் அச்சிட்டு வரும் அந்த எண்தான். பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அதைக் கட்டினால் போதும் என்பது பல அட்டைகளில் உள்ள விதி. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) லாரி ஓட்டும் ஒரு தம்பி, தகப்பனாரின் மருத்துவச் செலவுக்கு ரொக்கம் எடுத்துவிட்டு, மாதந்தோறும் தவறாமல் இந்தத் தொகையை மட்டும் கட்டி வந்தான். ஒரு நாளும் தாமதித்ததில்லை. ஆனால் கடன் ஏன் கரையவில்லை என்று அறிக்கைகளைக் கட்டாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. உன் தொகைக்கும் போட்டுப் பார்த்தேன். கட்டணம் சேர்ந்து 3,150 ஆகும் கடனை இப்படி மட்டுமே கட்டினால் முடிய ஏறக்குறைய நான்கரை ஆண்டு ஆகும். எடுத்த 3,000க்கு மேல் 1,200 ரிங்கிட்டுக்கும் அதிகமாகப் போய்விடும். இடையில் ஒரு மாதம் தவறினால் தாமதக் கட்டணம் வேறு. தவறியது வங்கிகள் பார்க்கும் சிசிஆர்ஐஎஸ் என்னும் கடன் பதிவேட்டிலும் ஏறி, பின்னால் வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ போகும்போது முன்னே வந்து நிற்கும்.

அந்தத் தம்பியை ஈப்போவில் உள்ள ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை அமைப்பின் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தோம். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய அமைப்பு அது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, வங்கியோடு பேசித் தவணையை ஒழுங்குபடுத்தியும் தருகிறார்கள். நம் மக்களில் பலர் அங்கே போவதை அவமானமாக நினைத்து வட்டி முதலைகளின் வாசலுக்குப் போகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. மாதம் 2,000 ரிங்கிட் வருமானம் இருந்தால் அட்டை கிடைத்துவிடும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகிவிட்ட பிறகு, ஓவர்டைம் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் தொழிற்சாலைப் பிள்ளைகளும் அந்த எல்லையை எளிதாகத் தொட்டுவிடுகிறார்கள். அட்டையை வாங்கித் தருபவர் இருக்கிறார். அதன் விதிகளைத் தமிழில் உட்கார்ந்து விளக்குபவர் இல்லை.

இனி உன் மண்டபத்துக்கு வருகிறேன். முதலில், முன்பணத்தை அட்டையிலேயே வாங்கிக்கொள்வார்களா என்று கேள். வாங்கினால் அது பொருள் வாங்கிய கணக்கில் சேரும். அறிக்கைக்குப் பின் 20 நாளுக்குள் கட்டிவிட்டால் செலவே இல்லை. அட்டைக்கென்று தனியே ஏதாவது கூட்டிக் கேட்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள். அது நடக்காவிட்டால் சேமநிதியைப் பார். 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவதாக ஒரு நெகிழ்வுக் கணக்கு இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட நம் மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில்தான் சேர்கிறது, எந்தக் காரணமும் சொல்லாமல் 50 ரிங்கிட்டிலிருந்து எடுக்கலாம். முதுமைக்கு வைத்த பணம்தான், தொட மனம் வராது. இருந்தாலும் வட்டி இல்லை.

நகையை அடகு வைப்பது பற்றி உன் மனைவி வருத்தப்படுவார், கல்யாண நேரத்தில் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பார், அது நியாயம்தான். ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அடகுக் கடைகள் மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. பார்வைக்கு இது அட்டையின் மாத வட்டியான ஒன்றரை விழுக்காட்டைவிடக் கூடுதல். ஆனால் முதலிலேயே பிடிக்கும் 150 ரிங்கிட் இங்கே இல்லை. மூன்று மாதத்தில் மீட்டால் அடகில் 180 ரிங்கிட், அட்டையில் 280க்கு மேல். அர்-ரஹ்னு என்னும் இஸ்லாமிய முறை அடகில் வட்டிக்குப் பதிலாகப் பாதுகாப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். முஸ்லிம் அல்லாதவரும் அங்கே போகலாம். பலர் சேர்ந்து மாதந்தோறும் சீட்டுப்போல் போடும் கூட்டுப் பணத்தை மட்டும் நம்பி இறங்காதே. 1971இலேயே சட்டம் அதைத் தடை செய்துவிட்டது, தலைமை ஏற்றவர் கைவிரித்தால் பணத்தை மீட்பது எளிதல்ல.

புடவை எடுக்கச் சென்னைக்குப் போவதாகவும் எழுதியிருந்தாய். அங்கே இந்த அட்டையால் ரூபாயாக எடுத்தால் மேலே சொன்ன கட்டணம், வட்டி இரண்டோடு நாணய மாற்றுக் கட்டணமும் சேரும். இங்கிருந்தே மாற்றிக் கொண்டு போ. கடையில் அட்டை கொடுக்கும்போது ரிங்கிட்டிலா ரூபாயிலா என்று இயந்திரம் கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடு. ரிங்கிட் என்று சொன்னால் அவர்கள் வைக்கும் மாற்று விலைதான் செல்லும், அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

மண்டபக்காரரிடம் கேட்டுவிட்டு உடனே எழுது. அட்டையும் வேண்டாம், அடகும் வேண்டாம் என்றால், தைக்கு முன் எனக்குத் தேவைப்படாத 1,500 ரிங்கிட் என்னிடம் இருக்கிறது, அதை அனுப்புகிறேன். மீதியை நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள். நம் பிள்ளையின் கல்யாணத்துக்கு நானும் ஒரு கை கொடுத்தேன் என்று இருக்கட்டும். உனக்கு முடிகிறபோது திருப்பித் தந்தால் போதும், மறுத்து எழுதாதே.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்