‘இலவச’ கேமுக்குள் விலையை ரூபாயில் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் டவுனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபோர்மோடு பையன்கள் வருவார்கள், கையில் கசங்கிய நூறு ரூபாய்த் தாள்கள். ரீலோட் போடச் சொல்வார்கள், ஆனால் அது பேசுவதற்கும் இல்லை, டேட்டாவுக்கும் இல்லை, ப்ரீ பயர் என்ற போன் கேமில் காசாகச் செல்லும் டயமண்ட் வாங்க. அண்மையில் ஒரு பையன் கடை வாங்கிலேயே உட்கார்ந்து துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கிக்குப் போடும் அலங்காரத் தோற்றம்) ஒன்றுக்காகக் கேமுக்குள் இருக்கும் அதிர்ஷ்டச் சக்கரத்தைச் சுற்றினான், சுற்றினான், காசு தீரும்வரை சுற்றினான், கடைசியில் கிடைத்தது அவனுக்கு வேண்டாத ஒரு பாராசூட். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பும் காசு அது, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பாட்டிக்கு போனில் எழுத்தே தெரியாது.

கேமையே தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிளேஸ்டேஷனுக்கு ஒரு புதுக் கேம் 70 டொலர், நம் காசுக்கு இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை எத்தனை வருடம் ரோட்டில் இறங்கினோம், அந்த வீட்டுப் பிள்ளை எங்கே போய் கேம் வாங்கும்? போர்ட்நைட், வெலோரன்ட், டோட்டா 2 எல்லாம் சும்மா கிடைப்பதால்தான் தோட்ட லயத்துப் பையனும் கேம் சென்டர் கொம்பியூட்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பையன்களோடு சரிக்குச் சரி மோதுகிறான். அது நல்ல விஷயம், அதைப் பறிக்கக் கூடாது.

ஆனால் கொம்பனிகள் தர்மத்துக்கு இதைச் செய்யவில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த டீம் போர்ட்ரஸ் 2 கேமை 2011 இல் இலவசமாக்கினார்கள், 2020 இல் ரொக்கெட் லீக்கையும் அப்படியே விட்டார்கள், ஏனென்றால் வாசலில் டிக்கெட் விற்பதைவிட உள்ளே கடை போடுவதில் வருமானம் அதிகம். முக்கால்வாசிப் பேர் ஒரு சதமும் கொடுக்காமல் விளையாடுவார்கள், மிச்சக் கொஞ்சப் பேர் கொட்டுவதில்தான் எல்லாம் ஓடுகிறது. அந்தக் கொஞ்சப் பேரில் பள்ளிப் பிள்ளைகள் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதிலும் விலையை மறைக்கிற விதம் இருக்கிறதே! ரூபாயை முதலில் டயமண்டாகவோ போர்ட்நைட்டுக்குள் செல்லும் காசான வி-பக்ஸாகவோ மாற்றிவிட்டால் எவ்வளவு செலவானது என்று பெரியவர்களுக்கே கணக்குப் பிடிபடாது. போர்ட்நைட்டில் பல வருடமாக ஆகச் சின்னப் பொதி 1,000 வி-பக்ஸாக இருந்தது, ஆனால் ஆசைப்படுகிற ஸ்கின் பெரும்பாலும் 1,200. இரண்டு பொதி வாங்கினால் 800 மிஞ்சியது, அந்த மிச்சம் சும்மா கிடக்கிறதே என்று மறுபடி கொஞ்சம் போடத் தோன்றியது.

மற்ற நாடுகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு போர்ட்நைட்டின் எபிக் கேம்ஸிடம் 520 மில்லியன் டொலர் கட்ட வைத்தது. அதில் 245 மில்லியன், பட்டன் தெரியாமல் அழுத்துப்பட்டதற்கும், பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகள் வாங்கியதற்கும் காசு போனவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018 இலேயே சொல்லிவிட்டது. இங்கே லொத்தர் டிக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு விற்றால் ஊரே கேட்கும், போனுக்குள் அதே வேலை நடந்தால் யாரும் கேட்பதில்லை.

நுகர்வோர் விவகார அதிகார சபை இதைக் கையில் எடுக்க வேண்டும். கேமுக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ரூபாய் விலை இருக்கட்டும், சுற்றும் சக்கரத்தைப் பிள்ளைகளின் கணக்கில் மூடட்டும், ரீலோட் காசில் எதையும் வாங்குமுன் சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஒரு எஸ்எம்எஸ் வரட்டும், அதுவும் தமிழில்.

அதுவரைக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி வைக்க ஒரு செட்டிங் இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. அதைப் படம் போட்டு, பெரிய எழுத்தில், ஞாயிறு இதழில் வெளியிடுங்கள். நான் வெட்டி கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன், போனோடு வருகிற பாட்டிமாருக்கு நானே போட்டும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரர் ஒருவர்,
ஹட்டன்