கழற்றியாச்சு, மாட்டியாச்சு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தபோது வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே என் வேனுக்கும் மூட்டு வைத்தியம்தான் நடந்தது.

பள்ளத்தில் இறங்கினால் முன்னால் 'டொக் டொக்' என்று கேட்கிறது என்று சொல்லியிருந்தேன் இல்லையா? ஷாக் அப்சார்பர்தான் போச்சு என்று நானே முடிவுகட்டி இரண்டையும் மாற்றினேன். சத்தம் இம்மியும் குறையவில்லை. அப்புறம்தான் புத்தி வந்து, சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, டயருக்குக் கீழே கடப்பாரையை விட்டு நெம்பினேன். ஆர்மின் சக்கரப் பக்க நுனியில் இருக்கும் குமிழ் மூட்டு, அதாவது கீழ் பால் ஜாயின்ட், ஆடும் பல் மாதிரி ஆடியது. ஆர்மைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர் புஷ்களும் வெடித்துக் கிடந்தன.

இந்த வண்டிக்கு முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது. பளுவைத் தாங்குவது நீளமான டார்ஷன் பார், முறுக்கேறி நிற்கும் இரும்புக் கம்பி. அதன் முறுக்கைக் கூட்டிக் குறைக்கும் போல்ட் எத்தனை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது என்று அளந்து குறித்து, கம்பி நுனியின் பற்கள் எப்படி உட்கார்ந்திருந்தன என்று பெயின்ட் அடையாளம் வைத்துவிட்டுத்தான் முறுக்கைத் தளர்த்தினேன். இடது வலது மாறிவிடக் கூடாது என்று அதையும் கம்பியிலேயே எழுதினேன்.

பால் ஜாயின்ட் லேசில் விடவில்லை. நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு மரையில் நிறுத்திவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் ஜாயின்ட் உட்காரும் காதை இரண்டு பக்கமும் சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தேன். ஏழெட்டு அடிக்குப் பிறகு 'டப்' என்று விட்டது. நட்டு இல்லையென்றால் ஆர்ம் என் மேலேயே இறங்கியிருக்கும். புஷ் போல்ட் ஒன்று துருவில் ஊறி, புஷ்ஷின் நடுவில் இருக்கும் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு ராத்திரி எண்ணெய் விட்டும் மசியாததால் அறுத்தே எடுத்தேன்.

என் முட்டாள்தனத்தையும் கேள். எல்லாம் மாட்டி, சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. உள்குழாயைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால் அசைவெல்லாம் ரப்பரின் முறுக்கில்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். காலையில் எழுந்து, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

இப்போது சத்தம் இல்லை. ஆனால் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. நாளைக்குச் சக்கரங்களின் கோணம் சரியா என்று அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

உன் காரின் கிளட்ச் என்ன ஆயிற்று? அதைக் கழற்றினாயா, இல்லை இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறாயா? எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி