வாணமா, வானமா? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் செய்தி எழுதுவோருக்கும் மெய்ப்புத் திருத்துவோருக்கும்,

வணக்கம். திருவிழா, புத்தாண்டு என்று வந்துவிட்டால் உங்கள் தலைப்புகளில் 'வானவேடிக்கை' என்ற சொல்லைப் பார்க்கிறேன். அது 'வாணவேடிக்கை'. மூன்று சுழி ண.

தடுமாற்றம் ஏன் வருகிறது என்பது புரிகிறது. சிதறும் ஒளியை அண்ணாந்து பார்க்கிறோம். வானத்தில் நடக்கும் வேடிக்கை என்று மனம் தானாகவே பிரித்துக்கொள்கிறது. பள்ளி நாட்களில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் புஸ்வாணத்தை நினைத்துப் பாருங்கள். தரையில் உட்கார்ந்தபடியே பொறி கக்கும் அதற்கும் வானத்துக்கும் என்ன உறவு? அதில் இருப்பதும் வாணம்தான்.

'பாணம்' என்ற வடசொல்தான் தமிழில் வாணம் ஆனது. பொருள், அம்பு. பாணாசுரனை ஆழ்வார்கள் 'வாணன்' என்று பாடியதும் இதே ஒலி மாற்றம். வெடிமருந்து அடைத்த குழல் தீயைக் கக்கியபடி அம்புபோலப் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது. கொண்டாட்டத்தோடு அது நிற்கவுமில்லை. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலேயர் மீது ஏவியவை இரும்புக் குழல் பொருத்திய வாணங்கள். பிற்காலத்தில் நாம் 'ஏவுகணை' என்ற சொல்லை உருவாக்கினோமே, அதில் வரும் கணையும் அம்புதான். இத்தனை காலம் கழித்தும் தமிழ் அதே அம்பைத்தான் தேடிப் போயிருக்கிறது. 'வான' என்று எழுதும்போது அந்த அம்பு காணாமல் போகிறது. என் வருத்தம் அதில்தான்.

அப்புறம், வினைச்சொல். 'வாணவேடிக்கை வெடித்தனர்' என்று படித்தால் உறுத்துகிறது. வேடிக்கை என்பது காட்சி, அதை நடத்துவார்கள். வெடிப்பது பட்டாசு. விடுவது வாணம். கொளுத்துவது மத்தாப்பு. பாரசீகத்தில் நிலவொளியைக் குறிக்கும் 'மஹ்தாப்' உருது வழியாக வந்து நம்மிடம் மத்தாப்பு ஆனது. எவ்வளவு அழகான பெயர்!

வெளியிலிருந்து வந்த சொல்தானே, எப்படி எழுதினால் என்ன என்று கேட்காதீர்கள். வந்த சொல் தமிழில் தனக்கென ஒரு வடிவம் பெற்று, அகராதியிலும் ஏறிவிட்டது.

உங்கள் அலுவலகச் சொற்பட்டியலில் 'வாணவேடிக்கை'யைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். வானமும் சரியான சொல், வேடிக்கையும் சரியான சொல் என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். உங்கள் கண்தான் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்