பிரஷைத் தூக்கிப் போடாதே

கும்பகோணம்
கார்த்திகை 5

அன்புள்ள மூர்த்திக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் உள்ளே போய் வசந்தாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி இன்றோடு ஏழு வாரம். வாக்கர் இல்லாமல் வாசல்வரை போய் வருகிறாள். குனிந்து கோலம் போடத்தான் இன்னும் முடியவில்லை. இங்கே நாலு நாளாக நல்ல மழை. அரசலாற்றில் தண்ணீர் நுங்கும் நுரையுமாக ஓடுகிறது.

உன் பிரஷ் விஷயத்துக்கு வருகிறேன். "நீ ரிட்டயர்மென்ட்டுக்கு வாங்கிக் கொடுத்த ஷேவிங் பிரஷ் விளக்குமாறு மாதிரி குத்துகிறது, முடி கொட்டுகிறது, நுரையே எழும்பவில்லை, குப்பையில் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். போடாதேடா. உனக்காகத் தேடிப் பிடித்து வாங்கியது அது. இத்தாலியில் பொலோனியா ஊரில் 1931 முதல் பிரஷ் செய்துவரும் ஒமேகாவுடையது, அசல் பன்றி முடி. புதிதில் பன்றி முடி முரடாகத்தான் இருக்கும். உபயோகிக்க உபயோகிக்க ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாக, மூன்றாகப் பிளக்கும். நம் வீட்டுப் பெண்கள் தலைமுடி நுனி பிளந்தால் கவலைப்படுவார்கள். பிரஷுக்கோ அதுதான் பக்குவம். நுனி பிளந்த பிறகுதான் முகத்தில் மெத்தென்று படும், நடுத்தண்டு மட்டும் விறைப்பாகவே இருக்கும். நாலு வருஷம் ஆன பிரஷ் நல்ல பதத்துக்கு வந்திருக்க வேண்டும், குத்தக் கூடாது.

நீ எழுதியதில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திருச்சியில் இருந்தவரை நன்றாக இருந்தது, மேடவாக்கம் ஃப்ளாட்டுக்கு வந்து எட்டே மாதத்தில் கெட்டுப்போனது என்கிறாய். திருச்சியில் உனக்குக் காவிரித் தண்ணீர், மேடவாக்கத்தில் போர்வெல் தண்ணீர். பாத்ரூம் வாளியின் உள்பக்கம் வெள்ளை படிகிறதா, ஷவர் ஓட்டைகள் அடைகின்றனவா என்று பார். படிகிறது என்றால் அதே வெள்ளைதான் பிரஷுக்குள்ளும் இருக்கிறது. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதில் திரிந்த பால் மாதிரி ஒரு பிசுக்கு உண்டாகும். அது தண்ணீரில் கரையாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முடியின் அடியில் தங்கி, காய்ந்து, சுண்ணாம்பு பூசிய மாதிரி இறுகிவிடும். அப்புறம் முடி வளையாது, தண்ணீரையும் பிடித்து வைக்காது. சோப்பு போட்டுக் கழுவக் கழுவ இன்னும்தான் சேரும்.

இதற்கு வெள்ளை வினிகர் போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, முடி மட்டும் முழுகும்படி ஐந்து நிமிஷம் வை. கைப்பிடி நனைய வேண்டாம். எலுமிச்சம்பழம் பிழியாதே, சக்கை முடிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். வினிகரின் புளிப்பு சுண்ணாம்பைப் பிரித்துக் கரைத்துவிடும். மிஞ்சுவது வெறும் கொழுப்பு. அதை எடுக்க இரண்டு சொட்டு ஷாம்பூ போட்டு உள்ளங்கையில் சுழற்று. ஷாம்பூ உப்புத் தண்ணீரில் சோப்பு மாதிரி திரியாது. விரலால் முடியின் அடிவரை விரித்துப் பார், வழவழவென்று வெள்ளையாக ஏதாவது இருந்தால் இன்னொரு தடவை செய். கடைசியில் தலைக்குப் போடும் கண்டிஷனர் ஒரு துளி தடவி அலசிவிடு. நம் முடி எந்தச் சத்தால் ஆனதோ அதேதான் அதுவும். இதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். வாராவாரம் செய்தால் முடி வறண்டு ஒடியும்.

அதைவிட முக்கியம், நுரை அடிக்க ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை உனக்காகவே ஒரு பரிசோதனை செய்தேன். மழை பிடித்து அரை மணி கழித்து, ஓடு கழுவிய அழுக்கெல்லாம் போன பிறகு, முற்றத்தில் பித்தளைக் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தேன். இரண்டு கிண்ணம், ஒரே கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்டு சோப்பு, ஒரே பிரஷ். முதலில் எங்கள் வீட்டு போர் தண்ணீர். நுரை வந்தது, ஆனால் பெரிய பெரிய குமிழாக. நான் ரேசரில் பிளேடு மாற்றுவதற்குள் பாதி உடைந்து, கிண்ணத்தின் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. பிரஷை நன்றாக அலசிவிட்டு மழைத் தண்ணீரில் அடித்தேன். முதல் பத்துச் சுற்றிலேயே பிரஷ் கனத்தது. பொங்கிய இட்லி மாவு போலக் கெட்டியாக, குமிழ் தெரியாமல் எழும்பியது. கிண்ணத்தைச் சாய்த்தேன், அசையவில்லை. ஷேவ் செய்து முடிக்கும்வரை முகத்தில் காயவே இல்லை. வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முடி கொட்டுவது வேறு சமாசாரம். கொட்டிய முடியை ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பார். துண்டு துண்டாக இருந்தால் நீ பிரஷை முகத்தில் அழுத்தித் தேய்க்கிறாய் என்று அர்த்தம், நடுவில் இருக்கும் முடிதான் ஒடியும். சுண்ணாம்பு ஏறிய முடி இன்னும் சீக்கிரம் ஒடியும். உன் கேஸ் இதுவாகத்தான் இருக்கும். சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி மேலும் கீழுமாக நுனியால் தடவிப் பழகு. நீள முடியாக, அடியோடு, ஒரே இடத்திலிருந்து வந்தால் உள்ளே பசை விட்டிருக்கிறது. இரண்டு மூன்று முடி என்றால் கவலை வேண்டாம், கற்றையே ஆடினால்தான் வேலை.

அந்த வேலை எனக்குப் போன மார்கழியில் வந்தது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கீஸரிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் பிடித்த தண்ணீரில் பிரஷை முழுசாக அமிழ்த்திவிட்டு, போன் வந்ததால் அரை மணி மறந்துவிட்டேன். மரக் கைப்பிடி ஊறி உப்பி ஒரு விரற்கடைக்கு வெடித்தது. பசை இளகி, முகத்தில் பாதி நுரையோடு கற்றை தனியாகக் கையில் வந்துவிட்டது. மனசே சரியில்லை. இரண்டு நாள் நிழலில் காயவைத்து, குழியில் இருந்த பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, அரால்டைட் இரண்டு டியூபையும் சமமாகக் கலந்து கொஞ்சமாக வைத்து ஒட்டினேன். முடியில் பசை ஏறாமல் இருக்க அடியில் காகிதம் சுற்றினேன். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. இன்றுவரை அசையவில்லை. அதிலிருந்து கை பொறுக்கும் சூடுதான், முடி மட்டும்தான், நாலைந்து நிமிஷம்தான்.

காயவைக்க ஸ்டாண்டு வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தொங்கவிட்டாலும் நிமிர்த்தி வைத்தாலும் காய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. நன்றாக உதறி, துண்டில் நாலு தட்டுத் தட்டி, காற்று வரும் ஜன்னலில் வை. ஈரத்தோடு பெட்டியிலோ மூடிய பாத்ரூமிலோ வைத்தால் பூஞ்சைக் காளான்தான் பிடிக்கும்.

கடைசியாக, பரண் டிரங்குப் பெட்டியில் கிடைத்த உன் தாத்தா பிரஷ். கைப்பிடியில் 'ஸ்டெரிலைஸ்டு' என்று ஏன் பொறித்திருக்கிறது என்று கேட்டாய். முதல் உலகப் போர் சமயத்தில் ஐரோப்பாவிலிருந்து சுத்தம் செய்து வந்துகொண்டிருந்த முடி நின்றுபோய், சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடியில் மலிவாக பிரஷ் செய்து விற்றார்கள். அதன் வழியாக மாட்டுக்கு வருமே அடைப்பான், ஆந்த்ராக்ஸ் என்பார்களே, அந்த நோய் மனிதர்களுக்குத் தொற்றியது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்கள், பொதுமக்கள் என்று 200 பேருக்கு மேல். முகத்தில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். அதற்குப் பிறகுதான் சட்டம் போட்டார்கள், கம்பெனிகளும் அந்த முத்திரையைக் குத்த ஆரம்பித்தன. அடைப்பான் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். உன் தாத்தா பிரஷில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை, இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் 1930க்கு முந்தைய பிரஷ் என்றால் அந்த முத்திரையை நம்பி முகத்தில் வைக்காதே. புது முடி வைக்கலாம் என்று பழைய கற்றையைக் குடைந்து தூசி கிளப்பவும் வேண்டாம். கைப்பிடி தந்த நிறத்தில் அழகாக இருக்கிறது என்கிறாயே, கண்ணாடி மூடியுள்ள டப்பாவில் போட்டு அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துவிடு. பேத்தி கைக்கு எட்டாத உயரத்தில்.

பொங்கலுக்கு நாங்கள் சென்னை வருவதாக இருக்கிறோம், டாக்டர் சரி என்று சொன்னால். வரும்போது ஒரு கேன் மழைத் தண்ணீர் கொண்டுவருகிறேன். அதற்குள் வினிகர் வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் என்ன நிறமாக மாறியது, முடி எவ்வளவு இளகியது என்று எழுது. இளகவில்லை என்றால் பிரஷைத் தபாலில் எனக்கு அனுப்பிவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
ராகவன்